எடுத்துட்டுப் போங்க, பட்டியல் எழுதிக் குடுங்க

பலாப்பழம் அறுக்க உட்காருகிறவர் முதலில் கையில் எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும். கத்தியின் இரண்டு பக்கமும் தடவ வேண்டும். இல்லாவிட்டால் பால் ஒட்டி, அன்று முழுவதும் கையைத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அம்மா பழத்தைச் சாக்கின் மேல் உருட்டிப் பார்த்து, விரலால் தட்டிச் சத்தம் கேட்டு, நீளவாக்கில் கத்தியை இறக்குவார். பிளந்ததும் நடுத்தண்டைச் சீவி எடுத்து, வடிகிற பாலைப் பழைய பேப்பரால் ஒற்றிய பிறகுதான் சுளை பக்கம் கை போகும். அதற்குள் வாசனை தெருமுனை வரை போயிருக்கும். பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படித் திரும்பிப் பார்த்தவர்களில் பத்துக்கு இரண்டு பேர் நின்றால் அன்றைக்கு வியாபாரம் நன்றாக இருக்கும்.

அறுக்காத பழம் இரண்டு மூன்று நாள் தாங்கும். அறுத்த பழத்துக்கு ஆயுசு அன்று ராத்திரி வரைதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

அம்மா 1988இல் திருப்பாதிரிப்புலியூரில் தரைக்கடை போட ஆரம்பித்தார். கடலூர்க்காரர்கள் வாயில் அது திருப்பாப்புலியூர். வருஷம் முழுக்க வாழைப்பழம், கொய்யா, சப்போட்டா. பங்குனி பிறந்து பண்ருட்டிப் பலா இறங்கத் தொடங்கினால் ஆடி வரைக்கும் பலா. ரயில் நிலையமும் பஸ் நிலையமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற இடம், அங்கிருந்து பாடலீஸ்வரர் கோயிலுக்கு நடக்கிற கூட்டம், லாரன்ஸ் ரோட்டில் துணி எடுக்க வருகிற கூட்டம். சுரங்கப்பாதை வருவதற்கு முன்னால் ரயில்வே கேட் போட்டால் ஜனம் கால் மாற்றி நிற்கும். நிற்கிற ஜனம் வாங்கும். கேட் மூடுகிற சத்தம் கேட்டால் கூடையை இரண்டு அடி முன்னால் நகர்த்துகிற பழக்கம் அம்மாவுக்கு ரொம்ப காலம் இருந்தது.

தரைக்கடை என்றால் பலருக்கு நினைவு வருவது, யாரோ எங்கிருந்தோ வந்து கண்ட இடத்தில் உட்கார்ந்துவிட்டார் என்பதுதான். அப்படி யாரும் உட்காருவதில்லை. கால் நடமாட்டம், நிழல், மழை பெய்தால் ஒதுங்க ஒரு வாசல், பின்னால் இருக்கிற கடைக்காரரின் மனசு, இதையெல்லாம் பார்த்துத்தான் ஒரு நாலடி இடம் அமைகிறது. அதே நாலடியில் காலையில் ஒரு பாட்டி கீரை விற்றுவிட்டு ஒன்பது மணிக்கு எழுந்து போவார். பத்து மணிக்கு அம்மா. ராத்திரி ஏழரைக்கு அம்மா எழுந்ததும் ஒரு பையன் அவித்த வேர்க்கடலை வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவான். ஒரே இடம், மூன்று குடும்பம். எழுதி வைக்காத ஏற்பாடு, ஒரு நாளும் சண்டை வந்ததில்லை.

இந்த ஏற்பாடு வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் அகற்றுவது அவ்வளவு சுலபமாக இருந்தது.

2007 வைகாசியில் ஒரு நாள் வண்டி வந்தது. எனக்குப் பத்தொன்பது வயது, காலேஜ் விட்டு வந்து அம்மாவுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "எடு, எடு" என்று ஒரு குரல். நாலு பேர் இறங்கினார்கள். அறுத்த பழம் ஒன்று, அறுக்காத பழம் மூன்று, தராசு, எடைக்கற்கள், தார்ப்பாய், அம்மா உட்காருகிற பலகை. எல்லாம் ஒரு நிமிஷத்தில் வண்டிக்குள் போனது. அம்மா எதுவும் சொல்லவில்லை. எண்ணெய்க் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே நின்றார். துடைக்கத் துடைக்க எண்ணெய் போகவில்லை, அவரும் நிறுத்தவில்லை. அந்தக் கையைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

யார் வண்டி என்று அங்கே இருந்தவர்களுக்கே சரியாகத் தெரியாது. ஒரு நாள் ரோட்டுக்காரர்கள் என்பார்கள், ஒரு நாள் காக்கிச் சட்டை, ஒரு நாள் வேறு யாரோ. விசாரித்துக்கொண்டு மூன்று இடம் அலைந்தோம். மூன்றாவது நாள் தராசு மட்டும் கிடைத்தது, எடைக்கல் இல்லை. பணம் கட்டினோம். ரசீது கேட்கலாம் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. பழம் என்ன ஆயிற்று என்று கேட்கிற கேள்விக்கு இடமே இல்லை.

மறுநாள் அம்மா தண்டல் வாங்கினார். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு கையில் 8,500 கொடுப்பார்கள். தினம் நூறு ரூபாயாக நூறு நாள் கட்ட வேண்டும். மழை பெய்தாலும் நூறு, காய்ச்சல் வந்தாலும் நூறு. சாயங்காலம் ஆறு மணிக்கு மோட்டார் சைக்கிளில் வந்து நிற்பவர் முகத்தைப் பார்த்து அன்றைக்கு வியாபாரம் இல்லை என்று சொல்ல முடியாது. அந்த ஆண்டு என் பரீட்சைக் கட்டணம் இரண்டு தவணை தாமதமானது. ஒரு வண்டி ஒரு நிமிஷத்தில் எடுத்துப் போனது ஒரு வீட்டில் எத்தனை மாதம் இருக்கும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

உண்மையில் அப்போதே எங்கள் பக்கம் நியாயம் இருந்தது, எங்களுக்குத்தான் தெரியாது. நடைபாதையில் வியாபாரம் செய்வதும் அரசியல் சாசனத்தின் 19ஆம் பிரிவு தருகிற தொழில் உரிமைக்குள் அடங்கும், அதை ஒழுங்குபடுத்தலாம், ஒரேயடியாக மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே சோடன் சிங் வழக்கில் சொல்லியிருந்தது. அதற்கும் முன்னால் அகமதாபாத்தில் எலா பட் 1972இல் தொடங்கிய சேவா என்கிற, சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கத்தைச் சேர்ந்தவர்கள், மாணேக் சவுக் சந்தையில் காய் விற்றவர்கள், இரண்டு கூடை வைக்க இடம் கொடுங்கள் என்று கேட்டுப் போராடியிருக்கிறார்கள். இரண்டு கூடை. இதைப் படித்தபோது எனக்கு எங்கள் நாலடிதான் கண்ணில் வந்தது. எங்கோ குஜராத்தில் ஒரு பெண், என் அம்மா கடை போடுவதற்கு முன்பே, அம்மாவுக்காகவும் சேர்த்துக் கேட்டிருக்கிறார்.

2010இல் கெயிந்தா ராம் வழக்கில் நீதிமன்றம் இதற்கென்று ஒரு சட்டம் வேண்டும் என்று கெடு வைத்தது. நாடு முழுக்கத் தெரு வியாபாரிகளின் சங்கங்களை ஒன்றாகச் சேர்த்து 1998இல் உருவான நாஸ்வி போன்ற அமைப்புகள் டெல்லியில் விடாமல் அழுத்தம் கொடுத்தன. கடைசியில் 2014 மார்ச்சில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்து, மே 1ஆம் தேதி தெரு வியாபாரிகள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தொழிலாளர் தினத்தில். அன்றைக்கும் அம்மா கடையில்தான் இருந்தார். எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது.

தெரிய வந்தது 2016இல். தொழிற்சங்கத்தில் இருக்கிற ஒரு தோழர் மத்தியானம் இரண்டரை மணிக்கு வந்தார். இரண்டரை என்பதைக் கவனிக்க வேண்டும். எங்கள் தெருவில் கூட்டம் போட முடிகிற ஒரே நேரம் அதுதான். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் என்று யாராவது சொன்னால் அவருக்கு இந்தத் தொழில் தெரியாது என்று அர்த்தம். அவர் கையில் சட்டத்தின் தமிழ்ச் சுருக்கம், பத்துப் பக்கம். ஒரு மூடிய கடையின் படியில் உட்கார்ந்து வாசித்தார். ஒவ்வொரு வரிக்கும் ஒரு கேள்வி வந்தது. அன்றைக்குப் படிக்க முடிந்தது இரண்டு பக்கம்தான்.

தெரு வியாபாரிகளைக் கணக்கெடுத்து முடித்துச் சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அகற்றக் கூடாது. இடம் மாற்றுவதாக இருந்தால் முப்பது நாள் முன்னால் நோட்டீஸ். ஐம்பது ஆண்டுக்கு மேல் நடக்கிற சந்தையைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும். பொருளைப் பறிமுதல் செய்தால் என்னென்ன எடுத்தோம் என்று பட்டியல் போட்டு, கையெழுத்திட்டு அந்த இடத்திலேயே தர வேண்டும். கெடாத பொருளானால், கேட்ட இரண்டு வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். அழுகும் பொருளானால் கேட்ட அன்றைக்கே.

"அன்னிக்கேன்னா?" என்று அம்மா கேட்டார். கூட்டத்தில் அவர் முதல்முதலாக வாய் திறந்தது அதற்குத்தான்.

"அன்னிக்கேதாம்மா. நீங்க போய்க் கேட்ட நாளே குடுத்தாகணும்."

அம்மா பக்கத்தில் இருந்த பூக்கார அக்காவைப் பார்த்தார். பூ அதைவிட மோசம், அரை நாள்கூடத் தாங்காது. சட்டம் எழுதியவர்களில் யாரோ ஒருவருக்குப் பூ வாடும், பழம் அழுகும் என்று தெரிந்திருக்கிறது. அந்த வரி தானாக வந்திருக்காது, தெருவில் பறிகொடுத்தவர்கள் யாரோ போய்ச் சொல்லி எழுத வைத்திருக்க வேண்டும் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

சங்கம் அமைப்பது சட்டம் படிப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. மாதம் பத்து ரூபாய் சந்தா. அதைக் கொடுக்க ஆள் இருந்தார்கள், பெயர் எழுதப் பயந்தார்கள். பெயர் கொடுத்தால் நாளைக்கு முதலில் நம்மைத்தான் தூக்குவார்கள் என்ற பயம். பழக்கடைக்காரர்களுக்கும் பூக்கடைக்காரர்களுக்கும் பழைய மனத்தாங்கல் ஒன்று இருந்தது. கூட்டத்தில் ஆண்கள் பேசினார்கள், பெண்கள் கேட்டார்கள், தெருவில் பாதிக்கு மேல் பெண்கள் என்றாலும். பெரிய சண்டை வந்தது பானிபூரி விற்கிற வடநாட்டுப் பையன்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதில்தான். நம்ம இடத்தை அவன் எடுத்துக்குவான் என்று ஒருவர், மொழியே தெரியாதவனுக்குச் சங்கம் எதற்கு என்று இன்னொருவர். ஒரு மணி நேரம் போனது. கடைசியில் அம்மா சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"அவனும் நம்ம கூடத்தான் மழையில நனையறான். வண்டி வந்தா அவனுதையுந்தான் தூக்கறாங்க. எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டார்கள்.

2017 ஆனியில் மறுபடி வண்டி வந்தது. நான் அன்றைக்கு அங்கே இல்லை, அம்மாவும் பூக்கார அக்காவும் மாறி மாறிச் சொல்லக் கேட்டதுதான். அம்மா அப்போதுதான் ஒரு பழத்தை அறுத்து முடித்திருந்தார். ஆட்கள் கை வைத்ததும் பூக்கார அக்கா எழுந்து வந்து நடுவில் நின்றார். கத்தவில்லை, கையைப் பிடித்து இழுக்கவில்லை. பத்து நாளாக மனப்பாடம் செய்துவைத்திருந்த ஒரே வாக்கியத்தைச் சொன்னார்.

"எடுத்துட்டுப் போங்க சார். பட்டியல் எழுதிக் குடுங்க."

வந்தவர் நிமிர்ந்து பார்த்தாராம். என்ன பட்டியல் என்றாராம். அதற்குள் அடுத்த கடைக்காரர் வந்தார், அதற்கு அடுத்தவர் வந்தார், பானிபூரிப் பையன் தோசைக்கல் அளவு தட்டைக் கையில் வைத்துக்கொண்டே வந்து நின்றான். எல்லோரும் அதையே சொன்னார்கள். பட்டியல் எழுதிக் குடுங்க. வண்டியில் காகிதம் இல்லை. பேனா இருந்தது. கடைசியில் எதிர் மளிகைக் கடையிலிருந்து பில் புத்தகத்தில் ஒரு தாள் கிழித்து வந்து, பின்பக்கத்தில் எழுதினார். பலாப்பழம் 4, அறுத்தது 1, தராசு 1, சாக்கு 2. தேதி, கையெழுத்து.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நாலு மணிக்குப் பதினொரு பெண்கள் ஆபீசுக்குப் போனார்கள். கடையை மூடிவிட்டுப் போவதென்றால் ஒவ்வொருவருக்கும் சாயங்கால வியாபாரம் நட்டம். போனார்கள். உட்கார வைத்தார்கள், உட்கார்ந்தார்கள். நாளைக்கு வாருங்கள் என்றார்கள். அம்மா தாளை மேஜை மேல் வைத்து, "இது அழுவற பொருள் சார், இன்னிக்கே குடுக்கணும்னு சட்டத்துல இருக்குதாம்" என்றார். ஆறரை மணிக்குப் பொருள் வந்தது, கட்டணத்துக்கு ரசீதோடு. தராசு சரியாக இருந்தது. முழுப் பழம் ஒன்று அடிபட்டிருந்தது. அறுத்த பழம் வெயிலில் கிடந்து சுளை சொதசொதவென்று ஆகியிருந்தது, விற்க முடியாது. வெளியே புங்கமரத்தடியில் சாக்கை விரித்து, பதினொரு பேரும் உட்கார்ந்து அதைத் தின்றார்கள். கொட்டையை மட்டும் அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்து குழம்பு வைத்தார்.

அன்றைக்குப் பண நட்டம்தான். அம்மா அதை நட்டக் கணக்கில் சொல்லி நான் கேட்டதே இல்லை.

கணக்கெடுப்பு வந்தபோது அது வேறு மாதிரிப் பாடம். எடுக்க வந்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்களுக்குத் தெருவின் நேரம் தெரியவில்லை. பதினொரு மணிக்கு வந்து இருப்பவர்களை எழுதினார்கள். கீரைப் பாட்டி ஒன்பதுக்கே போய்விட்டார். வேர்க்கடலைப் பையன் ராத்திரி வருவான். தலையில் கூடையோடு தெருத்தெருவாக மீன் விற்கிற பெண்களை எந்த இடத்தில் எழுதுவது? நின்றால்தானே எண்ண முடியும். அன்று பதினொரு மணிக் கணக்குப்படி எங்கள் நாலடியில் இருந்தது ஒரு குடும்பம். சங்கத்தில் ஒரு நோட்டுப் போட்டு விடியற்காலை, மத்தியானம், ராத்திரி என்று மூன்று வேளையும் தாங்களே எண்ணினார்கள். மனு கொடுத்து, விட்டுப்போனவர்களை எழுத வைக்க நாலு மாதம் ஆனது. எல்லோர் பெயரும் ஏறவில்லை.

ஆதாரம் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். அங்கேதான் அம்மாவின் பிஸ்கட் டின் வெளியே வந்தது. தரைக்கடைக்குத் தினசரி வசூல் உண்டு. குத்தகை எடுத்தவரின் ஆள் காலையில் வந்து காசு வாங்கிக்கொண்டு ஒரு சீட்டுக் கிழித்துக் கொடுப்பார். எல்லோரும் கசக்கிப் போட்டுவிடுவார்கள். அம்மா எதையும் தூக்கிப் போடுகிறவர் இல்லை. வருஷக்கணக்கான சீட்டுகள், சில பலாப்பால் ஒட்டிப் பழுப்பேறியவை, நூல் போட்டுக் கட்டி வைத்திருந்தார். சட்டவிரோதமாக உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்லப்பட்ட பெண்ணிடம், அந்த இடத்துக்குத் தினமும் பணம் வாங்கிக்கொண்டதற்கு அத்தனை சான்று. 2019இல் அவருக்குத் தெரு வியாபாரி அட்டை வந்தது. புகைப்படத்தில் கொஞ்சம் முறைத்த மாதிரி இருப்பார்.

சட்டத்தில் ஓட்டைகள் இருக்கின்றன, அதையும் சொல்ல வேண்டும். ரயில்வே நிலத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. எங்கள் ஊரில் நிலையத்துச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தால் சட்டம் உண்டு, அந்தப் பக்கம் உட்கார்ந்தால் இல்லை. நகர மக்கள் தொகையில் இரண்டரை சதவீதம் வரை வியாபாரிகளுக்கு இடம் தரலாம் என்கிறது. 2011 கணக்கில் கடலூரின் மக்கள் ஏறக்குறைய 1,73,000 என்றால் நாலாயிரத்துச் சொச்சம் பேர். ஆனால் இடம் எங்கே என்பதுதான் கேள்வி. விற்பனை மண்டலம் என்று கோடு போட்டு, ஆள் நடக்காத தெருவைக் கொடுத்தால் பெயர்ப்பலகைக்கு முன்னால் பழம் அழுகும். நடப்பவர்களுக்கும் நடைபாதை வேண்டும், எனக்கும் அது புரிகிறது. என் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு லாரிக்கு ஒதுங்கி ரோட்டில் இறங்கி நடந்தவன்தான் நானும். ஆனால் அதே நடைபாதையில் கடைகள் வெளியே தள்ளி வைத்த பொம்மையும் பெட்டியும் பெயர்ப்பலகையும் நிறுத்திய வண்டிகளும் எத்தனை அடி எடுத்துக்கொள்கின்றன என்று யாரும் அளப்பதில்லை. கடைக்கு முன்னால் உட்காருகிறவரிடம் மாத வாடகை வாங்குகிற கடைக்காரர்களும் உண்டு. அளப்பதானால் எல்லாவற்றையும் அளக்கலாம்.

இதையெல்லாம் பேசத்தான் நகர விற்பனைக் குழு. ஆணையர் தலைவர். உறுப்பினர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் வியாபாரிகள், அவர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்கள், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பதினைந்து பேர் குழு என்றால் ஆறு பேர், அந்த ஆறில் இரண்டு பெண்கள். நாற்பது என்பது பாதிக்குக் கீழே. அதனால் குழுவில் உட்கார்ந்தால் எல்லாம் ஆகிவிடாது, வெளியே ஆள் நிற்க வேண்டும். பூக்கார அக்கா இதை எனக்கு விளக்கிய விதம் இன்னும் எளிது: "உள்ள ரெண்டு பேரு பேசணும்னா வெளிய இருநூறு பேரு இருக்கணும் தம்பி."

பெண்கள் பேச ஆரம்பித்ததும் முதலில் வந்த கோரிக்கை கழிப்பறை. அதுவரை ஆண்கள் எழுதிய எந்த மனுவிலும் அது இல்லை. காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் ராத்திரிதான் என்பதால் அம்மா கடையில் தண்ணீர் குடிக்க மாட்டார். கத்திரி வெயிலிலும் ஒரு டம்ளர்தான். பஸ் நிலையக் கழிப்பறைக்கு ஒவ்வொரு தடவையும் காசு, போய் வருகிற நேரத்துக்குக் கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், மாதவிலக்கு நாட்களில் அதுவும் போதாது. சிறுநீர்த் தொற்று எங்கள் தெருப் பெண்களுக்குச் சளி காய்ச்சல் மாதிரி. ஒருவர் வாய் திறந்து சொன்னதும் வரிசையாக எல்லோரும் சொன்னார்கள். என் அம்மாவுக்கு இரண்டு தடவை வந்திருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பாடு கொடுத்த மகன் நான்.

சமூகப் பாதுகாப்பு என்ற வார்த்தையை நாம் சம்பளக்காரர்களை வைத்துத்தான் யோசித்து வைத்திருக்கிறோம். 1948இல் ஈ.எஸ்.ஐ. சட்டம், 1952இல் பி.எஃப். சட்டம். இரண்டிலும் முதலாளி ஒருவர் வேண்டும். அவர் பங்கு போடுவார், அவர் கையெழுத்துப் போடுவார். யாரிடம் வேலை பார்க்கிறீர்கள் என்ற கட்டத்தில் அம்மா என்ன எழுதுவார்? காலை நாலு மணிக்கு மண்டியில் நின்று, வெயிலில் உட்கார்ந்து, ராத்திரி எட்டு மணிக்கு வீடு வருகிறவருக்கு முதலாளி இல்லை. அதனால் விடுப்பு இல்லை, விபத்துக்கு ஈடு இல்லை, வயதானால் ஒன்றும் இல்லை.

தமிழ்நாட்டில் நல வாரியம் என்ற ஏற்பாடு இருப்பதால் கொஞ்சம் பிழைத்தோம். 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்திலிருந்து கிளைத்து வந்தவை இந்த வாரியங்கள். சாலையோர வியாபாரிகளுக்கும் உண்டு. பிள்ளைகள் படிப்பு, திருமணம், மகப்பேறு, விபத்து, இயற்கை மரணம் இவற்றுக்கு உதவித்தொகை, 60 வயதுக்கு மேல் ஓய்வூதியம். 18 வயதிலிருந்து 60 வரை சேரலாம். சங்கம் அம்மாவைச் சேர்த்தபோது அவருக்கு 55. கீரைப் பாட்டிக்கு 64. நாற்பது வருஷத்துக்கு மேல் கீரை விற்றவர், படிவம் நிரப்பும் வரிசையில் நின்று, வயதைச் சொன்னதும் தள்ளி நிற்கச் சொல்லப்பட்டார். "முன்னயே யாரும் சொல்லலியே" என்று மட்டும் சொன்னார். அவருக்குப் பதில் சொல்ல அங்கே யாரிடமும் ஒன்றும் இல்லை. 2021இல் அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் பதிவு தொடங்கியபோது சங்கம் முதலில் செய்த வேலை, நாற்பது, ஐம்பது வயதில் இருக்கிறவர்களை ஒருவர் விடாமல் இழுத்துக்கொண்டு போய் அதிலும் வாரியத்திலும் பதிய வைத்தது. அதற்குக் காரணம் அந்தப் பாட்டி.

கொரோனா ஊரடங்கில் இரண்டு மாதம் தெருவே இல்லை. அதற்கப்புறம் 2020 ஜூனில் தெரு வியாபாரிகளுக்கான பிரதமர் ஸ்வநிதிக் கடன் வந்தது. பிணை இல்லாமல் பத்தாயிரம், ஒழுங்காகக் கட்டினால் இருபது, பிறகு ஐம்பது, ஆண்டுக்கு ஏழு சதவீத வட்டி மானியம். இப்போது முதல் கடன் 15,000, இரண்டாவது 25,000 ஆகியிருக்கிறது. கணக்கெடுப்பில் விட்டுப்போனவர்களும் பரிந்துரைக் கடிதம் வாங்கி விண்ணப்பிக்கலாம், அதற்குச் சங்க உறுப்பினர் அட்டையும் ஒரு சான்று. பத்து ரூபாய் சந்தா கொடுக்கப் பயந்தவர்கள் அன்றைக்கு வந்து நின்றார்கள். எல்லோரையும் சேர்த்துக்கொண்டார்கள். அம்மாவுக்குப் பத்தாயிரமும் முழுசாகக் கையில் வந்தது, மாதத் தவணை ஆயிரத்துக்குள். பதின்மூன்று வருஷத்துக்கு அப்புறம் ஆறு மணிக்கு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் அவர் தலை நிமிரவில்லை. இதை நான் நேரில் பார்த்தேன். ஆனால் வங்கிக் கடன் காலை நாலு மணி மண்டிக்கு உதவாது, திடீர் ஆஸ்பத்திரிச் செலவுக்கு உதவாது. அதனால் தண்டல் எங்கள் தெருவை விட்டு முழுசாகப் போகவில்லை. கடன் கொடுப்பது பாதுகாப்பு ஆகாது என்பது என் கருத்து. வண்டி வராது என்ற உறுதி இருந்தால்தான் அந்தக் கடனும் திரும்பக் கட்டுகிற கடன்.

அம்மாவுக்கு இப்போது 63. முழங்கால் போய்விட்டது. தரையில் உட்கார்ந்தால் எழ ஆள் வேண்டும். மூன்று வருஷமாக அவர் கூட ஒத்தாசைக்கு ஒரு பெண் வருகிறாள். கணவன் இல்லை, ஒரு பையன் இரண்டாம் வகுப்புப் படிக்கிறான். மூட்டை தூக்குவது, கடை பரப்புவது, இப்போது பழம் அறுப்பதும் அவள்தான். சான்றிதழ் வைத்திருப்பவர் இறந்தாலோ முடியாமல் போனாலோ கணவனோ மனைவியோ, அவரை நம்பியிருக்கிற பிள்ளையோ அந்தக் காலம் முடியும்வரை தொடரலாம் என்கிறது சட்டம். அப்பா இல்லை. நான் புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன், அம்மாவை நம்பி இல்லை. வேறு யாருக்கும் மாற்றிக் கொடுக்கக் கூடாது. விதி ஏன் அப்படி என்று புரிகிறது. மாற்றலாம் என்றால் காசு உள்ளவன் நாலு இடத்தை வாங்கி வாடகைக்கு விடுவான். ஆனால் இந்தப் பெண்ணுக்கு அந்த விதியில் இடமில்லை.

ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவையாவது கணக்கெடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அடுத்த கணக்கில் அவளை அவள் பெயரிலேயே எழுத வேண்டும் என்று சங்கத்தில் மனு கொடுத்திருக்கிறார்கள். பூக்கார அக்கா கையெழுத்துப் போட்டார். பானிபூரிப் பையன் தமிழில் போட்டான், எழுத்துக் கூட்டி.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். கடையில் அவள் இருந்தாள், அம்மா பின்னால் கடைப் படியில் உட்கார்ந்திருந்தார். வசூல் ஆள் வந்து காசு வாங்கிச் சீட்டுக் கொடுத்தார். அவள் அதைப் பார்க்காமலே கசக்கிக் கூடைக்குப் பக்கத்தில் போட்டாள். அம்மா படியிலிருந்து கையை நீட்டி, அதை எடுத்து, தொடையில் வைத்துத் தேய்த்து நிமிர்த்தினார். பைக்குள் கையை விட்டு ஒரு பிஸ்கட் டின்னை எடுத்தார். பழையது இல்லை, புதிது.

"கிழிச்சிப் போடாத. தேதி பாத்து அடுக்கி வை" என்று அவளிடம் கொடுத்தார்.